பொங்கல் லீவு: யார் யார் ஊருக்கு, உடம்பு எப்படி, கையில் என்ன புத்தகம்?

கொள்ளிடத்தான்
ஜனவரி 4, இரவு 9.40

தை பிறக்கப் போகிறது, இன்னும் யாரும் இழையைத் தொடங்கவில்லை. சரி, இந்த முறை நானே. வழக்கமான மூன்று கேள்விதான்: லீவுக்கு எங்கே, உடம்பு எப்படி, என்ன படிக்கிறீர்கள்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வியாழன் பொங்கல், ஞாயிறு வரை லீவு, சிதம்பரம் போகிறோம். ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்ததில் நமக்கு ஒன்றும் மாறவில்லை, திறந்த சில நிமிஷத்தில் காத்திருப்புப் பட்டியல்தான். ஆகவே கிளாம்பாக்கம் போய்ப் பஸ். பெரம்பூரிலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேருகிற நேரத்தில் முன்பெல்லாம் திண்டிவனமே வந்திருக்கும். அது வேறு புலம்பல்.

உடம்பு ஓடுகிறது. கழுத்து மட்டும் அவ்வப்போது பிடித்துக்கொள்கிறது.

படிப்புதான் சிக்கல். போன வருஷம் நந்தனத்தில் புத்தகக் காட்சியில் வாங்கிய பையே இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு எடுத்தால் நாலு பக்கத்துக்குள் தலை வலிக்கிறது, கண் சொருகுகிறது. விடிய விடியப் படித்து நாவலை முடித்துவிட்டு அப்படியே காலேஜுக்குப் போனவன் நான். கையில் போன் வந்த பிறகு மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. உங்களுக்கும் இப்படித்தானா?

நெல்லைச்சீமை
ஜனவரி 4, இரவு 10.15

அண்ணாச்சி, நாங்க எங்கேயும் போகவில்லை. ஊரே எங்களைத் தேடி வருகிறது. தம்பி குடும்பம் பெங்களூரிலிருந்து, அக்கா கோவையிலிருந்து. சிறுகிழங்கு இப்போதே வாங்கிப் போட்டாச்சு. அதைக் கோணிச் சாக்கில் போட்டு உரசித் தோல் எடுக்கிற வேலை என் தலையில். உடம்பு பற்றி அந்த வேலை முடிந்ததும் கேளும், தோள்பட்டை பதில் சொல்லும்.

படிப்பு: ஒன்றும் இல்லை. போன் தான் காரணம், நீர் சொன்னது சரி.

மருந்துச்சீட்டு
ஜனவரி 5, காலை 6.05

கொள்ளிடம் தம்பி, கடைசியாகக் கண் சோதித்துப் பார்த்தது எப்போது? பழியைப் போன் மேல் போடுவதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள். வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு இல்லையா?

நாற்பதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இறுகிப்போகிறது. கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் அது குவிந்து கொடுக்க வேண்டும். இறுகினது எப்படிக் குவியும்? அதனால்தான் புத்தகத்தைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கிறோம். கை எட்டுகிற மட்டும் தள்ளியாச்சு, அதுக்கு மேல் போகாது என்றதும் கண் முக்கி முக்கிப் பார்க்கும். நாலு பக்கத்தில் வருகிற தலைவலி அதுதான். போனில் எழுத்தைப் பெரிசு பண்ணிக்கொள்ளலாம், வெளிச்சமும் அதிலேயே இருக்கிறது. அதனால் போனை மணிக்கணக்கில் பார்க்க முடிகிறது, புத்தகத்தை முடியவில்லை. மனசு நிற்கவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாதிப் பேருக்கு நிற்காதது மனசு இல்லை, கண்.

30 வருஷம் அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் உட்கார்ந்தவள் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடாமல் வீம்பு பிடித்து, தலைவலி மாத்திரைக்கு வரிசையில் நின்ற வாத்தியார்கள், ஆபீஸர்கள் கணக்கில்லாமல் பார்த்தாச்சு.

கொள்ளிடத்தான்
ஜனவரி 5, காலை 8.30

அக்கா, நான் பத்தாம் வகுப்பிலிருந்தே கண்ணாடிக்காரன். மைனஸ் 4. அது போதாதா?

மருந்துச்சீட்டு
ஜனவரி 5, காலை 8.52

அது தூரத்துக்கு. அதைப் போட்டுக்கொண்டே கிட்டத்தில் பார்ப்பதுதான் இப்போது கஷ்டம். இன்றைக்கு ராத்திரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஈரோட்டு மஞ்சள்
ஜனவரி 5, மதியம் 1.20

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்குக் கண்ணெல்லாம் பிரச்சனை இல்லீங்க, வாய்தான் பிரச்சனை. மூணு மாசச் சர்க்கரைச் சோதனையில் 7.4 வந்திருக்கு. போன தடவை 6.9. வீட்டில் மாநாடு கூட்டி, இந்த வருஷம் பச்சரிசியும் இல்லை, வெள்ளைச் சர்க்கரையும் இல்லை, தினையில் நாட்டுச்சர்க்கரை போட்டுத்தான் பொங்கல் என்று தீர்மானம் நிறைவேத்திட்டாங்க. நானும் ஒத்துக்கிட்டேன். நாட்டுச்சர்க்கரைதானே, ரெண்டு கிண்ணம் சாப்பிடலாம் பாருங்க.

லீவுக்கு எங்கேயும் போறதில்லீங்க. காப்புக் கட்ட வேண்டும், பட்டிப் பொங்கல் இருக்கு, மாட்டை விட்டுட்டு எங்கே போறது? படிப்பு நமக்கு ஆகஸ்டில்தான், எங்க ஊர்ப் புத்தகத் திருவிழா வந்தால் ஒரு மூட்டை வாங்கி அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் ஓட்டுவேன். இப்போ வரலாறு ஒண்ணு ஓடுது, சோழர் காலத்து ஏரி, மதகு, நீர்ப்பங்கீடு பற்றி.

மருந்துச்சீட்டு
ஜனவரி 5, மதியம் 2.10

மஞ்சள் தம்பி, இரண்டு கிண்ணமா? வெல்லம், நாட்டுச்சர்க்கரை, பனைவெல்லம், எதுவானாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் தாது உப்பு கூட இருக்கும். அதற்காக ரத்தம் அதை வேறு மாதிரி நடத்தாது. தினையும் தானியம்தான், அதிலும் மாவுச்சத்துதான். பச்சரிசியை விட நார் கூட என்பது சரி. ஆனால் குழைய வேகவைத்து, வெல்லப்பாகு ஊற்றி, நெய் மிதக்கவிட்ட பிறகு அந்த நார் எவ்வளவு காப்பாற்றும்?

பொங்கலைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நாளும் கிழமையுமாக அப்படிச் சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். பச்சரிசியிலேயே பண்ணச் சொல்லுங்கள். காய்க்கூட்டு முதலில், வெண்பொங்கல் பேருக்கு, சர்க்கரைப் பொங்கல் கடைசியில் நாலு ஸ்பூன். சாப்பிட்டதும் சாயாமல் பதினைந்து நிமிஷம் நடங்கள். மாட்டை ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு போனாலும் சரி.

ஈரோட்டு மஞ்சள்
ஜனவரி 5, மதியம் 2.25

மாத்திரையை அன்னிக்கு மட்டும் ரெண்டாப் போட்டுக்கிட்டா?

மருந்துச்சீட்டு
ஜனவரி 5, மதியம் 2.27

கூடவே கூடாது. சில மாத்திரைகளில் சர்க்கரை திடீரென்று கீழே இறங்கி மயக்கமே போட்டுவிடும். டாக்டரைக் கேட்காமல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே பண்டிகைக்கு முந்தின நாள் கவுன்ட்டருக்கு ஆள் வரும். தீபாவளிக்கு ஒரு கூட்டம், பொங்கலுக்கு ஒரு கூட்டம்.

சரி, ஒன்று கேட்கிறேன். சர்க்கரை வந்து எத்தனை வருஷம் ஆச்சு? விழித்திரையைச் சோதித்திருக்கிறீர்களா?

ஈரோட்டு மஞ்சள்
ஜனவரி 5, மதியம் 2.31

ஏழெட்டு வருஷம் இருக்குமுங்க. கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்குச் சோதனை?

மருந்துச்சீட்டு
ஜனவரி 5, மதியம் 2.50

நல்லா தெரியும்போதே பார்க்க வேண்டிய சோதனை அது. விழித்திரையில் இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய் கசிய ஆரம்பிக்கும்போது வலியும் இருக்காது, பார்வையும் குறையாது. பார்வை மங்கின பிறகு போனால் பாதி வண்டி போயிருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்த்தே ஆக வேண்டும். எங்கே போவது என்று கேட்காதீர்கள், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. பொங்கல் கழிந்த வாரம் போய்விட்டு இங்கே வந்து எழுதுங்கள்.

மாடிவீட்டு மைனா
ஜனவரி 5, மாலை 6.44

சொட்டு மருந்து விட்டால் அன்றைக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் போன வருஷம் காலையில் விழித்திரைச் சோதனை முடித்துவிட்டு, "நேரம் இருக்கே" என்று நேராகப் புத்தகக் காட்சிக்கு வந்துவிட்டார். வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. உள்ளே வந்தால் பக்கத்தில் இருக்கும் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு கடையிலும் புத்தகத்தை எடுத்து, முகர்ந்து பார்த்து, "பின்னட்டையில் என்ன போட்டிருக்கு" என்று என்னிடம் நீட்டுவார். நான் படிக்கப் படிக்க, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரும் நின்று கேட்க ஆரம்பித்துவிட்டார். கடைக்காரப் பையன் நாற்காலி போட்டுக் கொடுத்தான்.

எங்களுக்கு இந்த லீவு சென்னைதான். பெண்ணுக்கு இளைப்பு. போகி அன்று காலை ஜன்னல் எல்லாம் அடைத்துத் துணி சொருகி வைப்பேன். பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்திய காலம் போய், டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கிறார்கள். பனியில் புகை மேலே போகாமல் தரையோடு நிற்கிறது. நம் தெருவில் யாரிடம் சொல்வது? "வருஷத்துக்கு ஒரு நாள்தானே" என்பார்கள். அந்த ஒரு நாள் காலையில் நான் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இரவுப்பணி
ஜனவரி 6, அதிகாலை 3.18

அண்ணன்களே, அக்காக்களே, எனக்கு லீவு பொங்கல் ஒரு நாள் மட்டும். அமெரிக்காவில் தை பிறப்பதில்லை, மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் லாகின் பண்ணியாக வேண்டும்.

நான் படிப்பதை விட்டு ஒரு வருஷம் ஆச்சு, இப்போது கேட்பதுதான். கம்பெனி வண்டியில் போகும்போதும் வரும்போதும் காதில் கதை ஓடுகிறது. மெயின்ரோட்டு ஹாரன் சத்தத்தில் நடுநடுவே ரெண்டு வரி போய்விடும், பரவாயில்லை. எங்கப்பா இதைப் படிப்பு என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கண் எரிச்சல் எனக்கும் இருக்கிறது, ஆனால் வயசு 31 தான் அக்கா. வெள்ளெழுத்து இல்லையே?

மருந்துச்சீட்டு
ஜனவரி 6, காலை 6.10

உனக்கு வெள்ளெழுத்து இல்லை கண்ணா. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் மேல் குறைந்துபோகும். ஏசி காற்று வேறு. கண் காய்ந்து எரிகிறது. அடிக்கடி ஜன்னல் பக்கம் தூரமாகப் பார், வேண்டுமென்றே சிமிட்டு. எதிர் வீட்டுக்காரர் சொன்னார் என்று மருந்துக்கடையில் ஏதாவது சொட்டு மருந்து வாங்கி விடாதே. சிலதில் ஸ்டீராய்டு இருக்கும். கண் உடனே குளுகுளுவென்று ஆகிவிடும், பின்னால் கண் அழுத்தத்தில் கொண்டுபோய் விடும்.

நெல்லைச்சீமை
ஜனவரி 6, காலை 7.30

கேட்பது படிப்பா என்று கேட்டால், என் கட்சி உம்ம அப்பா கட்சிதான் தம்பி. புத்தகத்தில் ஒரு வரியில் நின்று, திரும்ப மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். காதில் ஓடுவது நிற்காது. யாரோ ஒருவர் குரலில் எல்லாக் கதாபாத்திரமும் பேசுவது எனக்கு ஒத்துவராது. நல்ல வட்டார வழக்கு நாவலை, வழக்கே தெரியாத குரலில் கேட்டுப் பாரும். எங்க ஊர்ப் பேச்சை டப்பிங் சீரியல் மாதிரி வாசித்தார் ஒருத்தர், பாதியில் நிறுத்திவிட்டேன்.

வடமராட்சி
ஜனவரி 6, இரவு 8.05

எல்லாருக்கும் வணக்கம். சுகமாய் இருக்கிறீங்களோ? எங்களுக்குத் தைப்பொங்கல் ஒரு நாள்தான் விடுமுறை. முற்றத்தில் கோலம் போட்டு, சூரியனைப் பார்த்துப் பொங்கி, பொங்கி வழியேக்க வெடி கொளுத்துவம். பக்கத்து வீட்டு நாய்தான் பாவம்.

நெல்லை அண்ணை, நான் உங்களோட ஒத்துப்போக மாட்டன். அம்மாவுக்குக் குளுக்கோமா. போன பார்வை திரும்பாது, மிச்சம் இருக்கிறதைக் காப்பாற்றத்தான் ஒவ்வொரு நாளும் சொட்டு மருந்து. அவ ஒரு காலத்தில் வாசிகசாலையில் வாரத்துக்கு ரெண்டு புத்தகம் எடுத்தவ. இப்ப பின்னேரத்தில் நான் வாசிக்க அவ கேட்கிறா. நான் ஒரு சொல்லைப் பிழையாய் வாசிச்சால் உடனே பிடிச்சிடுவா, "திரும்ப வாசி" எண்டுவா. மேல போய்ப் பார்த்துவிட்டு வாறதும் நடக்குது அண்ணை, நான்தான் ஆள் மாறி வாசிக்கிறன், அவ்வளவுதான்.

புத்தகத்துக்கு "நூலகம்" எண்ட இணையத்தளம்தான். 2005இல் தொடங்கினது. எங்கட பழைய சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், கடையில் கிடைக்கவே கிடைக்காத வெளியீடுகள் எல்லாம் அதில் இருக்கு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதைப் பார்த்த தலைமுறை அம்மாவின்ர. அதனால் ஒவ்வொரு பழைய பிரதியும் திரையில் தெரியேக்க அட்டைப்படத்தைப் பற்றி முதலில் கேட்பா. டேப்லெட்டில் எழுத்தை எவ்வளவும் பெருப்பிக்கலாம், எனக்கும் அது வசதி. எனக்கும் 46.

நெல்லைச்சீமை
ஜனவரி 6, இரவு 8.40

தங்கச்சி, அம்மா "திரும்ப வாசி" என்று சொல்ல முடிகிறதே, அதுதான் படிப்பு. நான் சொன்னது காதில் மாட்டின கருவியைப் பற்றி. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும்.

கொள்ளிடத்தான்
ஜனவரி 7, இரவு 10.20

மருந்துச்சீட்டு அக்கா, கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு ராத்திரி படித்தேன். தலைவலி இல்லை! ஆனால் புத்தகம் மூக்கில் இடிக்கிறது. ஒரு சாண் தூரத்தில் பிடித்தால்தான் தெளிவு. பெண்டாட்டி பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தின்னப் போகிறீர்களா என்கிறாள். கழுத்து வலி வேறு கூடிவிட்டது.

மருந்துச்சீட்டு
ஜனவரி 8, காலை 6.00

மைனஸ் 4 என்றால் 25 சென்டிமீட்டர்தான் தெளிவு, கணக்குச் சரியாக இருக்கிறது. வசதியாகப் படிக்க 40 சென்டிமீட்டர் வேண்டும். படிப்பதற்கென்று தனிக் கண்ணாடி ஒன்று எழுதி வாங்குங்கள். மேலே தூரம், கீழே கிட்டம் என்று ஒரே கண்ணாடியிலும் வரும். அதில் படிக்கும்போது முகவாயைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும், உங்கள் கழுத்துக்கு ஆகாது. கட்டிலில் சாய்ந்து படிக்கிற ஆளுக்குத் தனிக் கண்ணாடிதான் சுகம். நடைபாதையில் விற்கிற ரெடிமேட் ப்ளஸ் கண்ணாடி உங்களுக்கு உதவாது, அது தூரப்பார்வை சரியாக இருக்கிறவர்களுக்கு.

தாழ்வாரம்
ஜனவரி 9, மாலை 5.15

நண்பர்களுக்கு வணக்கம். ஐப்பசியிலிருந்து நான் இங்கே எழுதவில்லை. வலது கண்ணில் புரை நீக்கும் சிகிச்சை செய்துகொண்டேன், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த இடம். அப்போது அந்தப் பக்கத்து ஊர்களில் புரை விழுந்தால் கண் போனதாகவே வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். என் பாட்டியார் அப்படித்தான் இருந்தார். உள்ளே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஏழைக்கு எட்டாத விலை. 1992இல் அவர்களே ஆரோலேப் என்று தொடங்கி மதுரையிலேயே செய்ய ஆரம்பித்த பிறகுதான் சாதாரணக் குடும்பத்துக்கும் கைக்கு வந்தது.

சிகிச்சை நேரம் கால் மணிகூட இராது. அதன் பிறகுதான் பொறுமை வேண்டியிருந்தது. சொட்டு மருந்துக்கு அட்டவணை, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, பளு தூக்கக்கூடாது. என் மருமகள் அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்து, ஒவ்வொரு வேளைக்கும் டிக் போட்டாள். உறவினர் ஒருவர் நாற்பது நாள் எழுத்தையே பார்க்கக்கூடாது என்று பயமுறுத்தினார். மருத்துவரிடம் கேட்டேன். படிப்பதால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, அசதியாக இருந்தால் நிறுத்துங்கள் என்றார்.

கட்டு எடுத்த மறுநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்துச் சுவருக்குச் சந்தன நிறம் அடித்திருப்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சுவர்! இடது கண்ணால் பார்த்தால் சந்தனம், வலது கண்ணால் பார்த்தால் வெள்ளை. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். மனைவியின் நீலப் புடவை அப்படி ஒரு நீலமாக இருந்தது, புதிதா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்று தீபாவளிக்கு முன்னால் எடுத்ததாம். கூடவே சிலந்தி வலை, மின்விசிறியின் மேல் தூசு எல்லாம் தெரிய ஆரம்பித்து, வீட்டில் எனக்குக் கெட்ட பெயர்.

வைத்த லென்ஸ் தூரத்துக்கானது. படிக்கக் கண்ணாடி வேண்டும், அதைக் கண் ஆறின பிறகு ஒரு மாதம் கழித்துத்தான் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது உ.வே.சா.வின் "என் சரித்திரம்" மறுபடி படிக்கிறேன். கண் தேறி வருகிறவர்களுக்கு அது தோதான புத்தகம். 1940இலிருந்து 1942 வரை ஆனந்த விகடனில் வாரத் தொடராக வந்தது, ஆகையால் அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. ஒன்று முடித்து மூடி வைக்கலாம், இழை அறாது. கும்பகோணத்தில் முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், "சீவகசிந்தாமணி படித்திருக்கிறீரா" என்று கேட்கிற இடத்துக்கு வந்திருக்கிறேன். அந்த ஒரு கேள்வியால் ஒரு மனிதரின் மிச்ச ஆயுள் முழுக்க ஓலைச்சுவடிக்குப் போயிற்று.

மாடிவீட்டு மைனா
ஜனவரி 9, மாலை 5.40

ஐயா! எவ்வளவு நாளாச்சு உங்கள் எழுத்தைப் பார்த்து. இடது கண் எப்போது?

தாழ்வாரம்
ஜனவரி 9, மாலை 6.30

மாசி மாதம் ஆகட்டும் என்று இருக்கிறேன் அம்மா. சந்தனச் சுவரும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஈரோட்டு மஞ்சள்
ஜனவரி 10, காலை 9.10

ஐயா சொன்ன புத்தகத்தை நானும் ஆரம்பிக்கலாமுன்னு பார்க்கிறேன். எந்தப் பதிப்பு வாங்கலாமுங்க? எழுத்து பெரிசா இருக்கணும். போன வருஷம் "பொன்னியின் செல்வன்" மலிவுப் பதிப்பு ஒண்ணு வாங்கி ஏமாந்தேன். நாட்டுடைமை ஆனதால் ஆளாளுக்குப் போடுறாங்க, அஞ்சு பாகத்தையும் ஒரே கட்டில் திணிச்சு, எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. தூக்கினால் கை வலி, பார்த்தால் கண் வலி.

கொள்ளிடத்தான்
ஜனவரி 10, காலை 10.00

கடைசியில் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். "கண்ணுல பிரச்சனை இல்லீங்க" என்றது யார்?

மாடிவீட்டு மைனா
ஜனவரி 11, இரவு 9.25

இன்றைக்குப் புத்தகக் காட்சி போய் வந்தோம். கூட்டம் தாங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனது எங்கள் தலையெழுத்து. நடைபாதை மரப்பலகை மேல் விரிப்பு போட்டிருக்கிறார்கள், அங்கங்கே ஏறி இறங்குகிறது. மூட்டுவலிக்காரர்கள் பார்த்து வாருங்கள். என் யோசனை: வாரநாளில் கடை திறந்த உடனே வந்துவிடுங்கள், பட்டியலைக் கையில் எழுதி எடுத்து வாருங்கள், தண்ணீர் பாட்டில் பையில் இருக்கட்டும். உள்ளே உட்கார இடம் குறைவு. எந்தப் பதிப்பகமாவது நாலு ஸ்டூல் போட்டால் ரெண்டு புத்தகம் கூடுதலாக விற்கும் என்பது என் கணிப்பு.

மஞ்சள் அண்ணாவுக்காக ஒரு வேலை செய்தேன். ஒரே புத்தகத்துக்கு மூன்று பதிப்பு இருந்தால் மூன்றையும் பிரித்து, கையை நீட்டிக் கண்ணாடி இல்லாமல் பார்த்தேன். வரிக்கும் வரிக்கும் நடுவில் இடம் விட்டு அச்சடித்ததுதான் படிக்க முடிகிறது. எழுத்து மட்டும் பெரிதாக இருந்து வரிகள் நெருக்கமாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. தாளும் அப்படித்தான், பளபளவென்று வெள்ளையாக இருந்தால் விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. பழுப்புத் தாள் நல்லது. விலை பார்த்து வாங்கும்போது இதையும் பாருங்கள்.

இரவுப்பணி
ஜனவரி 12, அதிகாலை 2.50

"என் சரித்திரம்" மதுரைத் திட்டம் என்ற இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அந்தத் திட்டத்தைத் தொடங்கினதே 1998 பொங்கல் அன்று. எங்கெங்கோ நாட்டில் இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து ஒவ்வொரு நூலாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். நான் அதை இறக்கிப் போனிலேயே குரல் வாசிப்பில் போட்டுக் கேட்டேன். நெல்லை அண்ணன் மன்னிக்கவும், "மகாவித்துவான்" என்ற சொல் வரும்போதெல்லாம் இயந்திரம் தடுக்கி விழுகிறது.

நெல்லைச்சீமை
ஜனவரி 12, காலை 7.00

நான் சொன்னேன் கேட்டீரா.

மாடிவீட்டு மைனா
ஜனவரி 14, காலை 8.15

போகி. ஐந்து மணிக்கே புகை. இந்த வருஷம் எங்கள் அடுக்கக வாட்ஸாப்பில் முன்கூட்டியே எழுதிவிட்டேன்: பழைய துணி, புத்தகம், பேப்பர் எதுவானாலும் கொளுத்தாமல் கீழே கொண்டுவந்து வையுங்கள், நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறேன் என்று. வாசலில் ஒரு குவியல். துணி முதியோர் இல்லத்துக்குப் போகிறது. பேப்பருக்குள் பழைய வார இதழ்களின் தொடர்களைக் கிழித்து யாரோ கையால் தைத்து வைத்த கட்டு ஒன்று கிடைத்தது. அட்டையில் நீல மையில் பெயர், அத்தியாய எண், நடுவில் காணாமல்போன வாரத்துக்கு வெள்ளைத்தாள் வைத்து "பிறகு" என்று எழுதியிருக்கிறார்கள். அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். தெரு முனையில் டயர் எரிந்துகொண்டுதான் இருந்தது. பெண் தூங்குகிறாள், இன்ஹேலர் தேவைப்படவில்லை.

வடமராட்சி
ஜனவரி 15, காலை 9.30

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துக்கள்! பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிஞ்சது, அம்மாவுக்குச் சந்தோசம்.

கொள்ளிடத்தான்
ஜனவரி 15, மதியம் 3.00

வாழ்த்துகள். ஊரில் இருக்கிறேன். பஸ் கதையைக் கேட்காதீர்கள். வாசலில் கரும்பு கடித்துக்கொண்டு, பழைய கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மூக்கில் இடிக்க ஐயா சொன்ன புத்தகத்தைப் படிக்கிறேன். பகல் வெளிச்சத்தில் சுகமாக இருக்கிறது. ராத்திரி டியூப்லைட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, புத்தகத்தின் மேல் என் நிழலே விழத்தான் இத்தனை நாள் படித்திருக்கிறேன் என்று அப்பா சொன்னார். அவருக்கு 82, படிக்க உட்கார்ந்தால் ஜன்னல் இடது தோளுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்.

ஈரோட்டு மஞ்சள்
ஜனவரி 16, இரவு 8.20

பட்டிப் பொங்கல் நல்லபடியா முடிஞ்சதுங்க. சர்க்கரைப் பொங்கல் நாலு ஸ்பூனோடு நிறுத்தினேன். அஞ்சாவது ஸ்பூன் பாத்திரத்தில் ஒட்டினது, அது கணக்கில் வராதுங்க. சாப்பிட்டுட்டு மாட்டோடு வாய்க்கால் வரைக்கும் நடந்தேன். இருபத்தி ரெண்டாம் தேதி விழித்திரைச் சோதனைக்குப் பதிஞ்சாச்சு. அக்கா, காலையில் சாப்பிட்டுட்டுப் போகலாமா?

மருந்துச்சீட்டு
ஜனவரி 16, இரவு 8.45

சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டே போங்கள். பழைய சர்க்கரைச் சோதனைச் சீட்டு எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வண்டி ஓட்டக்கூடாது, யாரையாவது கூட்டிப் போங்கள். கறுப்புக் கண்ணாடி இருந்தால் பையில் வையுங்கள்.

நெல்லைச்சீமை
ஜனவரி 17, காலை 7.50

நானும் கண் டாக்டரிடம் போனால் என்ன என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள். இந்த இழையை அக்கா பெங்களூர்த் தம்பியிடம் காட்டியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை போகிறேன். தாழ்வாரம் ஐயா, நாளுக்கு ஒரு அத்தியாயமாக நானும் சேர்ந்துகொள்கிறேன், எங்கே இருக்கிறீர்கள்? மைனா தங்கச்சி, அந்த வரி இடைவெளி விட்ட பதிப்பு எந்தக் கடையில் என்று தனிச்செய்தியில் சொல்லும். இரண்டு பிரதி வாங்கிப் பார்சல் போட்டால் பணத்தோடு பனங்கிழங்கும் அனுப்புகிறேன்.

மாடிவீட்டு மைனா
ஜனவரி 17, காலை 8.05

பனங்கிழங்கு முதலில் வரட்டும் அண்ணா.